பிளாட்டினம் உங்க ஊர்ல, கெணறு எங்க ஊர்ல

மாப்ள, நீ அனுப்புன போட்டோ வந்து சேந்துச்சு. லிப்ட்டுக்குப் பக்கத்துச் செவுத்துல கண்ணாடித் தகடு ஒன்ன அடிச்சு, அதுக்கு மேல தனியா லைட்டு வேற போட்டிருக்காங்க. பேத்தி செல்லுல பெருசாக்கிக் காமிச்சா. பிளாட்டினமாம். தங்கத்துக்கும் மேலயாம். உங்க அம்மா, அதான் என் தங்கச்சி, தெருத் தெருவா சொல்லிக்கினு திரியுறா, "எம்புள்ள வாங்கியிருக்கிறது பூமிக்கு நல்லது பண்ற ஊடு"ன்னு. பண்ணட்டும். மாமன் கண்ணு வெக்கமாட்டேன், பயப்படாத. நான் கேக்கிறது ஒன்னே ஒன்னுதான். அந்த ஊட்டுக்குத் தண்ணி எந்த ஊர்லேருந்து வருது?

நீ சொல்லவேணாம். நம்ப ஏரிக்கு மேக்கால, நீ சின்னப் பையனா இருக்கச்ச குதிச்சு மண்டைய ஒடைச்சிக்கினியே, நம்ப பங்காளியோட அந்தக் கெணத்துலேருந்துதான் போவுது. விடியறதுக்கு முன்ன வண்டி வந்து நிக்கும். 12,000 லிட்டரு லாரி. கிளீனர் பையன் மேல ஏறி மூடியத் தெறந்து ஹோஸ உள்ள வுட்டுட்டு, அங்கியே குந்திக்கினு செல்லு நோண்டுவான். தண்ணி ரொம்பி அவன் கால் நனைஞ்சாத்தான் மோட்டார நிறுத்தச் சொல்லிக் குரல் குடுப்பான். மூடிக்கு ரப்பர் போய் ரொம்ப நாளாச்சு, பழைய சாக்கச் சுத்தி அமுக்குவான். வண்டி கெளம்பி மெயின் ரோடு ஏறுற வரைக்கும் தெருவுல ஈரக்கோடு. அந்தக் கோட்டுல எங்க ஊர்க் கோழியெல்லாம் வந்து குடிச்சிட்டுப் போவுது. "எங்கடா லோடு?"ன்னு டிரைவரக் கேட்டேன். உங்க அப்பார்ட்மென்ட் பேரச் சொன்னான். இங்கிலீஷ்ல ஏரியும் இருக்குது, தோப்பும் இருக்குது அந்தப் பேருல. பேருக்கு உங்க ஏரி, தண்ணிக்கு எங்க ஏரி. நல்ல பாகப்பிரிவினைதான்.

சரி, பிளாட்டினம்னா இன்னான்னு தெரிஞ்சிக்கலாம்னு பேத்தியக் குந்தவெச்சுப் படிக்கச் சொன்னேன். அவ ஆர்க்கிடெக்சர் படிக்கிறா, அவளுக்கு அது பாடம். நான் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து மதகு தெறந்து மூடுனவன். எனக்கு இங்கிலீஷ் வராது, தண்ணிக் கணக்கு வரும். ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா ஒரு இஞ்சினீயரு.

உங்க தகடு லீடுங்கிற சான்று. அமெரிக்காவுல இருக்கிற பசுமைக் கட்டடக் கவுன்சில் குடுக்கிறது. நம்ப நாட்டுலயும் ஐ.ஜி.பி.சி.ன்னு ஒன்னு 2001லேருந்து இருக்குது, ஐதராபாத்துல. டெல்லிப் பக்கம் கிரிஹான்னு ஒன்னு, அவுங்க நட்சத்திரமா குடுப்பாங்க. ஐ.ஜி.பி.சி. இருக்கிற அந்த ஐதராபாத்துக் கட்டடத்த 2004ல நம்ப கலாம் அய்யாதான் தெறந்து வெச்சாரு. அமெரிக்காவுக்கு வெளிய மொதமொத லீடு பிளாட்டினம் வாங்குனது அதுதானாம். ஆவ, உன் தகடு நல்ல பரம்பரைதான். கொற சொல்லல.

மொத்த மார்க்கு 110. 80 எடுத்தா பிளாட்டினம். இதுல தண்ணிக்கு எவ்வளவுன்னு நெனைக்கிற? உங்க தகட்டுக் காலத்து விதியில புதுக் கட்டடத்துக்கு 11. நீ பத்தாவதுல கணக்குல கம்மியா வாங்கி, தமிழ்லயும் சமூக அறிவியல்லயும் தேத்துனியே, அந்த வசதி இங்கியும் உண்டு. உள்ள பொழங்குற தண்ணியில 20 சதமாவது கொறைக்கணும், தோட்டத்துக்கு 30 சதம் கொறைக்கணும், மீட்டரு வெக்கணும். இதெல்லாம் கட்டாயம். அதத் தாண்டி தண்ணியில ஒரு மார்க்குகூட வாங்காம, மத்த 99லேருந்து 80 எடுத்துட்டா, தகடு உன்னுது.

எதுலேருந்து 20 சதம்? அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு மனுசன் ஒரு நாளைக்கு எட்டு நிமிசம் ஷவருக்கடியில நிப்பான், நிமிசத்துக்கு ஒம்போதரை லிட்டரு ஊத்தும்னு அவுங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 76 லிட்டரு. அதான் சாதா மனுசன். நிமிசத்துக்கு 6 லிட்டரு ஊத்துற ஷவர மாட்டுனா 48 ஆயிடும், 28 லிட்டரு மிச்சம், மூணுல ஒரு பங்குக்கு மேல. கை தட்டுறாங்க. இந்தக் கெழவன் ரெண்டு பக்கெட்டுல குளிக்கிறான். பக்கெட்டுக்கு 18ன்னு வெச்சாலும் 36. பாதிக்கு மேல மிச்சம். உள்ள பொழங்குற தண்ணியில 50 சதம் கொறைச்சா முழு மார்க்கு 6ன்னு பேத்தி சொல்றா. குளியல மட்டும் வெச்சுப் பாத்தா நான் பொறந்ததுலேருந்தே பிளாட்டினம்டா மாப்ள. எனக்கு ஒருத்தனும் தகடு அடிக்கல. ஏன்னா நான் எப்பவும் ஊதாரியா இருந்ததில்ல. மொதல்ல ஊதாரியா இருந்து, அப்புறம் கொறைக்கிறவனுக்குத்தான் மரியாத.

அத வுடு. கொறைக்கிறது நல்லதுதான். நான் சொல்ல வந்தது வேற.

லீடு பொஸ்தகத்துல குடிநீருன்னா இன்னான்னு எழுதியிருக்காங்க. குடிக்கத் தகுந்ததுன்னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட தண்ணி. அது கெணத்துலேருந்தும் வரலாம், நகராட்சிக் குழாயிலேருந்தும் வரலாம். ரெண்டும் ஒரே வரியில முடிஞ்சிபோச்சு. எந்தக் கெணறு, யார் கெணறு, மனைக்குள்ள இருக்கிறதா முப்பது கிலோமீட்டருக்கு அந்தால இருக்கிறதா, ஒரு கேள்வி இல்ல. உள்ள வந்த தண்ணிய எவ்வளவு செலவு பண்றன்னு கேக்கிறாங்க, அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கல. மொய் நோட்ட மட்டும் பிரிச்சு வெச்சுக்கினு, கடன் நோட்டப் பெட்டிக்கடியில தள்ளிவுட்ட கல்யாணக் கணக்கு இது.

இதுல வேடிக்க இன்னான்னா, தூரம்ங்கிறது அவுங்களுக்குத் தெரியாத சங்கதி இல்ல. உங்க கட்டடத்துக்குப் பக்கத்துல பஸ்சு நிக்குதா ரயிலு நிக்குதான்னு பாத்து மார்க்கு போடறாங்க. செங்கல்லு, கம்பி, டைல்சு இதெல்லாம் 160 கிலோமீட்டருக்குள்ள எடுத்து, அங்கியே செஞ்சு, வாங்குனதா இருந்தா, அத ரெண்டு மடங்கு மதிப்பா எடுத்துக்கறாங்க. நீ வேலைக்குப் போற தூரத்துக்கு மார்க்கு. செங்கல்லு வந்த தூரத்துக்கு மார்க்கு. செங்கல்லு ஒரு தரம்தான் வந்துச்சு. தண்ணி தெனம் வருது, அந்தத் தூரத்துக்கு மட்டும் கணக்குப் புள்ள தூங்கிட்டாரு.

நாமளே கணக்குப் போட்டுப் பாப்போம். உன் பிளாக்கு 14 மாடி, மாடிக்கு 4 ஊடு, மொத்தம் 56. ஊட்டுக்கு 4 பேருன்னு வெச்சிக்கோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டருன்னு மத்திய அரசோட நகரக் குடிநீர்க் கணக்கு சொல்லுது. பெருக்கிப் பாரு. 30,240 லிட்டரு. உங்க மெட்ரோ வாட்டர் குழாய் இன்னும் "வருது, வருது"ன்னுதான் இருக்குது. அப்ப ஒரு பிளாக்குக்கு ஒரு நாளைக்கு ரெண்டரை லாரி. உங்களுக்கு எத்தினி பிளாக்கு? நான் கேக்கல, நீயே மனசுக்குள்ள சொல்லிக்கோ.

"மாமா, எங்ககிட்ட மழைத் தண்ணி சேகரிப்பு இருக்குது"ம்ப. இருக்கும்டா, இல்லாம இருக்க முடியாது, 2003லேருந்து நம்ப மாநிலத்துல அது சட்டம். ஆனா மொட்ட மாடி எவ்வளவு? 600 சதுர மீட்டருன்னு வெச்சுக்குவோம். மெட்ராசுல வருசத்துக்கு சராசரி 1,400 மில்லிமீட்டரு பேயுது. மொத்தத்தையும் புடிச்சா 8,40,000 லிட்டரு. வழியில போனது, மொத மழையில அழுக்கோட வுட்டதுன்னு அஞ்சுல ஒரு பங்கத் தள்ளு. 6,72,000. உங்க ஒரு நாள் செலவால வகுத்துப் பாரு. 22 நாளு! வருசம் 365 நாள்ல 22 நாளைக்கு வானம் பாத்துக்கும், மிச்சத்த நம்ப பங்காளியோட கெணறு பாத்துக்கும்.

ஒத்த ஊட்டுக்குக் கூரத் தண்ணி பாதி வருசத்துக்கு மேல தாங்கும். அதையே 14 மாடி அடுக்கி, கூர மட்டும் ஒன்னே ஒன்னா வெச்சா எப்பிடித் தாங்கும்? அடுக்குமாடி கட்டுறது தப்புன்னு சொல்ல வரல. மெட்ராசு முச்சூடும் தனித்தனி ஊடாக் கட்டுனா நம்ப ஊர் ஏரியிலியும் பிளாட்டு போட்டிருப்பானுங்க. இடத்த மிச்சம் புடிச்ச, சரி. ஆனா இடத்த மிச்சம் புடிக்கிறவன் தண்ணிக்கு வெளியதான் கையேந்தணும். அத மறைக்காத, அவ்வளவுதான்.

இப்ப லாரிக்கு வா. இங்கேருந்து உங்க கேட்டுக்குப் போய்வர 60 கிலோமீட்டரு. லிட்டருக்கு 4 கிலோமீட்டரு குடுத்தா பெரிய விசயம், 15 லிட்டர் டீசலு. ஒரு லிட்டர் டீசல எரிச்சா ரெண்டரைக் கிலோவுக்கு மேல கரிப்பொக வருதுன்னு பேத்தி கணக்கு சொன்னா. ஒரு நடைக்கு 40 கிலோ. உன் ஒரு பிளாக்குக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ. மொட்ட மாடியில சோலார் தகடு போட்டு, மாடிப்படி லைட்ட எல்.இ.டி. ஆக்கி நீங்க மிச்சம் புடிச்சதையெல்லாம், எங்க டிரைவர் பொக வுட்டுக்கினே கொண்டாந்து உங்க சம்ப்புல ஊத்திட்டுப் போறான். அவன் மேல தப்பில்ல. அவனுக்கு லோடுக்குக் கூலி.

"அப்ப கடல் தண்ணி நல்லது"ன்னு கெளம்பிடாத. நெம்மேலி நம்ப ஊருக்குக் கெழக்கால எட்டிப் பாக்கிற தூரந்தான். 2013ல தெனம் 10 கோடி லிட்டரு எடுக்கிற ஆலைய அங்க ஆரம்பிச்சாங்க, 2024ல பக்கத்துலியே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்னு. நல்ல தண்ணிதான், வானம் பொய்ச்சாலும் கடல் பொய்க்காது. ஆனா கடல் தண்ணியில உப்பப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3லேருந்து 4 யூனிட்டு கரண்ட்டு ஆவும். உன் ஊட்டுக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டரு. மூணரை யூனிட்டுன்னு போட்டா ரெண்டு மாசத்துக்கு 113 யூனிட்டு. அரசாங்கம் 2016ல உனக்கு இலவசமாக்குன 100 யூனிட்ட உன் தண்ணி மட்டுமே முழுங்கி ஏப்பம் வுட்டுடும். ஆனா அந்த மீட்டரு நெம்மேலியில ஓடுது, உன் ஊட்டுல ஓடல. அதனால உன் ஊடு சிக்கனமான ஊடு.

எங்க கெணத்து மோட்டாரு எந்தக் கரண்ட்டுல ஓடுதுன்னு கேக்கலியே? 1990லேருந்து வெவசாயத்துக்குக் கரண்ட்டு இலவசம். நெல்லுக்குன்னு குடுத்தது உன் ஷவருக்கு ஓடுது. தப்புதான். பங்காளிகிட்ட நேராவே சொன்னேன். அவன் சொன்னான், "நெல்லு போட்டு மூணு மாசம் காத்துக் கெடந்து, ஈரப்பதம்னு வெலையக் கொறைப்பான். தண்ணி வித்தா சாயங்காலமே காசு. நீ இன்னா, மதகு தெறந்துட்டு பென்சன் வாங்குறவன்"னு. என் வாயி அடைஞ்சிபோச்சு. ஆனா சித்திரையில எங்க தெரு அடிபம்பு காத்துதான் கக்குது. பக்கத்துக் கொல்லைக்காரன் போரு இன்னும் ஆழத்துக்கு எறங்கிடுச்சு. இதெல்லாம் உங்க தகட்டுல எந்த ஓரத்துலியாவது எழுதியிருக்குதான்னு பாரு. லைட்டு போட்டுத்தான வெச்சிருக்காங்க, நல்லாத் தெரியும்.

இன்னொரு சங்கதி. எங்க கெணத்துத் தண்ணி முன்னாடி இருந்த தண்ணி இல்ல. உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறுது. பேனா சைசுல ஒரு மெசின வெச்சுக்கினு உங்க செக்யூரிட்டி டி.டி.எஸ்., அதான் தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு, பாக்கிறானாமே. 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்லுது. அதனால ஊட்டுக்கு ஊடு ஆர்.ஓ. மெசின் மாட்டியிருக்கீங்க. அது 1 லிட்டர் நல்ல தண்ணி தர 3 லிட்டரு வரைக்கும் வெளிய துப்பும். போன பொங்கலுக்கு வந்தப்ப பாத்தேன், உன் கிச்சன் சிங்க்குல வெள்ளக் கொழா ஒன்னு ராவும் பகலும் சொட்டிக்கினே இருந்துச்சு. அதே சிங்க்குல குழாய் வாயில ஒரு வலைய மாட்டித் தண்ணியக் கொறைச்சிருக்கீங்க, அதுக்கு மார்க்கு உண்டு. கணக்குல வர்றது கக்கூசு, யூரினலு, ஷவரு, வாஷ்பேசினு, கிச்சன் குழாயி. அந்த வெள்ளக் கொழா அந்தப் பட்டியல்ல இல்ல. மருமவள அந்தத் தண்ணியப் புடிச்சு தரை தொடைக்கச் சொல்லுன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், எதுக்கு மருமவ, நீயே புடிச்சுத் தொடைன்னு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப சொல்லிட்டேன்.

வெளித் தண்ணின்னா எல்லாமே பாவம்னு நான் சொல்றதா நெனைச்சுக்காத. மெட்ராசு எப்பவுமே ஊரான் தண்ணி குடிச்ச ஊருதான். கிருஷ்ணா தண்ணிக்கு 1983ல ஒப்பந்தம் போட்டு, 1996லதான் பூண்டிப் பக்கம் வந்து எட்டிப் பாத்துச்சு. வீராணம் தண்ணி 2004லேருந்து 230 கிலோமீட்டரு கொழாயில வருது. 2019 ஞாபகம் இருக்குதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வெடிப்பு வுட்டுக் கெடந்துச்சே. உன் கம்பெனிகூட "ஆபீசுக்கு வராத, கக்கூசுல தண்ணி இல்ல"ன்னு ஊட்டுக்கு அனுப்பிச்சே. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு. 50 வேகனு, 25 லட்சம் லிட்டரு. அன்னிக்குத் தகடு போட்ட கட்டடமும் கொடத்தத் தூக்கிச்சு, தகடு இல்லாததும் தூக்கிச்சு. பிளாட்டினத்துக்குன்னு தனி வேகன் ஒன்னும் வரல.

வெளித் தண்ணியிலியும் நல்ல சாதி ஒன்னு இருக்குது. கோயம்பேட்டுலயும் கொடுங்கையூர்லயும் மெட்ராசோட சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணி, இன்னும் ஒரு தரம் சுத்தம் பண்ணி, தெனம் நாலரைக் கோடி லிட்டரு வரைக்கும் ஒவ்வொன்னும் தொழிற்சாலைக்குக் குடுக்குது. 2019லேருந்து நடக்குது. ஒரகடத்துல காரு செய்யறவன் ஊர்ச் சாக்கடையச் சுத்தம் பண்ணிப் பொழங்குறான். பூமிக்கு நல்லது பண்ற நீ கக்கூசுக்கு எங்க ஊர்க் குடிதண்ணிய ஊத்துற. சுத்திகரிச்ச தண்ணி வெளியேருந்து வந்தாலும், குடிதண்ணிக்குப் பதிலா அதப் பொழங்குனா லீடு கணக்குல சேத்துக்கறாங்க. அங்க அவுங்க புத்திசாலிதான்.

"கக்கூசுக்கு எஸ்.டி.பி. தண்ணி"ன்னு நீ சொல்லுவ. எஸ்.டி.பி.ன்னா உங்க சாக்கடையச் சுத்தம் பண்ற ஆலை. தகடு வாங்கும்போது அதுக்கு ரெட்டக் கொழா போட்டுக் காமிச்சாங்க, தெரியும். இப்ப அது ஓடுதா? நான் வந்தப்ப அந்தப் பக்கம் போய்ப் பாத்தேன். ஆப்பரேட்டரு கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாரு, புளோயரு நின்னு போயிருந்துச்சு. "கரண்ட்டு பில்லு ஜாஸ்தி வருதுன்னு அசோசியேசன்ல நாலு மணி நேரம் ஓட்டுனாப் போதும்னுட்டாங்க"ன்னாரு. காத்து குடுக்காம நிறுத்துனா உள்ள இருக்கிற நல்ல கிருமி செத்து நாறாம இன்னா பண்ணும்? நாத்தம் வந்துச்சு, "நல்ல தண்ணியே வுடு"ன்னு கொழாய மாத்திட்டீங்க. கொறைஞ்சிருக்க வேண்டிய லாரி ரெண்டரையாவே நின்னுபோச்சு. கரண்ட்டுல மிச்சம் புடிச்சது லாரிக்காரனுக்குப் போச்சு. இதுல யாரு யார ஏமாத்துனாங்கன்னு எனக்கே வெளங்கல.

தண்ணி எங்கேருந்துன்னு கேக்கிற தகடும் இருக்குதாம். லிவிங் பில்டிங் சேலஞ்சுன்னு பேரு. உன் மனையில பேஞ்ச மழையில, நீ பொழங்குன தண்ணியத் திருப்பிச் சுத்தம் பண்ணி, அதுக்குள்ளாறவே வாழுன்னு சொல்லுது. அமெரிக்காவுல சியாட்டில்னு ஒரு ஊர்ல புல்லிட் சென்டர்னு ஆறு மாடிக் கட்டடம், 2013 ஏப்ரல் 22ல தெறந்தாங்க. கூரத் தண்ணி எறங்க அடியில 2 லட்சம் லிட்டருக்கு மேல புடிக்கிற தொட்டி. அவுங்களுக்கும் சுலபமா அமையல. அந்த மழைத் தண்ணியக் குடிக்கிற குழாயில வுட, கெவுருமெண்டு அனுமதி வாங்கவே வருசக்கணக்கா ஆச்சு, அதுவரைக்கும் நகரத்துத் தண்ணிதான். ஆனா மறைக்கல பாரு. இன்னொன்னு சொல்லட்டா? மழைக்குப் பேர்போன சியாட்டில விட வருசக் கணக்குல மெட்ராசுலதான் மழை ஜாஸ்தி. அங்க கோடையத் தவிர வருசம் பூரா தூறும், நமக்கு முக்கியமா ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். அதனால அவுங்களுக்குச் சின்னத் தொட்டி போதும், நமக்குப் பெருசு வேணும். பெரிய தொட்டி கட்ட வேண்டிய எடத்துல உங்களுக்கு நீச்சல் கொளம் இருக்குது. அதுக்கும் எங்க லாரிதான்.

இப்ப உனக்குப் புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. தகட்டக் காப்பாத்தணும்னா லாரிய முன்கேட்டுல வுடாத. பின்கேட்டுல, அதுவும் வாக்கிங் போறவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்ன. லாரிக்குப் பச்சப் பெயின்ட் அடிச்சு எல வரைஞ்சுடு. செக்யூரிட்டி டேபிள்ல இருக்குதே லாரி ரிஜிஸ்டரு, அத டிராயர்ல போட்டுப் பூட்டு. ஊடு வாங்க வர்றவனுக்குத் தகட்டக் காமி, சம்ப்பக் காமிக்காத. வெலை நிக்கும்.

இந்தப் புத்தி புடிக்கலன்னா வேற ஒன்னு இருக்குது, அது கொஞ்சம் கஷ்டம். அந்த ரிஜிஸ்டர டிராயர்லேருந்து எடு. வண்டி நம்பரு, உள்ள வந்த நேரம், லோடு, டி.டி.எஸ். எல்லாம் அதுல இருக்கும். மாசம் எத்தினி லோடுன்னு கூட்டி, ஊட்டுக்கு எவ்வளவுன்னு வகுத்து, எந்த ஊர்லேருந்துன்னு ஒரு வரி சேத்து, அதே லிப்ட்டுக்குப் பக்கத்துல தகட்டுக்குக் கீழ ஒட்டு. லைட்டு ஏற்கெனவே இருக்குது, செலவில்ல. லீடு வாங்குனவங்க அஞ்சு வருசத்துக்குத் தண்ணிக் கணக்க அவுங்களுக்கு அனுப்பறோம்னு கையெழுத்து போடணும். நீங்க எந்த மீட்டரப் பாத்து அனுப்புறீங்க? லாரி ஹோஸு நேரா சம்ப்பு வாயில எறங்குது, அங்க ஏது மீட்டரு? பில்லுல 12,000. ரோட்டுல கோடு போட்டது போக எறங்குனது எவ்வளவு? லாரி வாயில ஒரு மீட்டரு மாட்டு. அதுக்கும் அசோசியேசன் ஒத்துக்கலன்னா ஒரு மூங்கில் கழியில கோடு கிழிச்சு சம்ப்புல வுட்டு, முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு பாரு. நாங்க ஏரியில அளவுக்கல்லு பாத்தவங்க, கழியக் கேவலமா நெனைக்காத.

ஊட்டுக்கு ஊடு மீட்டரு வெக்கச் சொல்லி மீட்டிங்ல கேளு. அடிக்கணக்குல மெயின்டனன்சு வாங்குனா, பாத்டப்புல மொதக்கிறவனும் நீயும் ஒன்னுதான், எவன் குழாய மூடுவான்? மொட்ட மாடித் தண்ணிய மொத்தமா ரீசார்ஜ் குழியில தள்ளாம, பில்டர் வழியா சம்ப்புக்கு ஒரு கொழா எறக்குங்க. ஐப்பசிக்கு முன்ன அந்தப் பில்டர்ல இருக்கிற புறாச் சாணிய எவனாவது அள்ளணும். 22 நாளுன்னு கிண்டல் பண்ணேன், ஆனா அந்த 22 நாளு எங்க ஊருக்கு 55 லாரி மிச்சம்டா. எஸ்.டி.பி. புளோயர நிறுத்தாதீங்க. தகட்டுல ரெண்டு வகை இருக்குதுன்னு பேத்தி சொல்றா. கட்டும்போது வாங்குனதுக்கு வயசே ஆவாது, அப்பிடியே தொங்கும். ஓடுற கட்டடத்துக்குன்னு ஒன்னு, மீட்டரப் பாத்துக் குடுக்கிறது, மூணு வருசத்துக்கு ஒரு தரம் திரும்ப வாங்கணும். உங்க அசோசியேசன் செகரட்டரிக்கு நெஞ்சுரம் இருந்தா அதுக்கு எழுதிப் போடச் சொல்லு. எழுதமாட்டாரு. அவரு ஊட்டுலதான் பாத்டப்பு.

வர்ற ஞாயித்துக்கெழம ரிஜிஸ்டர எடுத்துக்கினு வந்துடு, பேத்தியும் ஊட்டுல இருப்பா, மூணு பேரும் குந்திக் கூட்டிப் பாப்போம். பஸ்சுக்குக் காசு செலவு பண்ணாத. லோடு எறக்குன லாரி காலியாத்தான் நம்ப ஊருக்குத் திரும்புது. முன் சீட்டுல எடம் இருக்கும், டிரைவர்கிட்ட என் பேரச் சொல்லு.